மாலுமியின் பேனா

1878-ம் ஆண்டு, ஜூன் திங்கள். இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் ஒரு வாலிபன் வந்திறங்கினான். வயது இருபது. பட்டமில்லை, பணமில்லை. போலந்து இனத்தவன். ஆங்கிலத்தில் அவன் அறிந்திருந்ததோ ஒருசில சொற்களே!

அந்தக் கூலி மாலுமிதான், பின்னாளில் ஆங்கில நாவலாசிரியர்களின் முன்வரிசையில் அமர்ந்த ஜோசப் கான்ராட்!

எப்படி முடிந்தது? மந்திரமா? மாயமா? இல்லை தோழர்களே, படிப்பு! பள்ளிப் படிப்பல்ல, ஏட்டை விடாத படிப்பு.

தந்தை அப்பல்லோ, கவிஞர். ஜார் ஆட்சியை எதிர்த்ததற்காகக் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டவர். ஷேக்ஸ்பியரைப் போலிஷ் மொழியில் பெயர்த்தவர். 1865-ல் தாய் மறைந்தார். 1869-ல் தந்தையும் மறைந்தார். பதினோரு வயதில் அநாதை! பெற்றோர் போயினர், அவர்கள் தந்த படிக்கும் பழக்கம் போகவில்லை. டிக்கன்ஸையும் அவர் முதலில் தாய்மொழியிலேதான் படித்தார்.

கப்பலேறிய பிறகும் ஏட்டை விடவில்லை. 1882-ல், பழுதுற்ற அவரது கப்பல் ஃபால்மவுத் துறைமுகத்தில் கிடந்தது. பலகை இடுக்குகளில் நார் திணித்துக் கலப்பத்து அடிக்கிறார்கள். சுத்தியலோசை காதைப் பிளக்கிறது. அந்த இரைச்சலின் நடுவே, வேலை ஓய்ந்த நேரமெல்லாம், ஐந்து ஷில்லிங் விலையுள்ள ஷேக்ஸ்பியர் நூலைப் படித்துக்கொண்டிருந்தார் அந்த மாலுமி!

1886-ல் கப்பல் தலைவருக்கான தேர்வில் வென்றார். 1889-ல் முதல் நாவலை எழுதத் தொடங்கினார். 1890-ல் காங்கோ வரை அந்தக் கையெழுத்துப் படியைச் சுமந்து திரிந்தார். 1895-ல் 'ஆல்மேயர்ஸ் ஃபாலி' நூலாக வந்தது. 1900-ல் 'லார்டு ஜிம்'.

வேடிக்கை கேளுங்கள்! 1924-ல் கண் மூடும் வரை அவரது ஆங்கிலப் பேச்சில் போலிஷ் வாடை போகவே இல்லை. நாக்கு அந்நியமாகவே நின்றது. பேனாவோ ஆங்கிலேயரையே வியக்கவைத்தது. ஏன்? பேசுவோரின் நாக்கு காதிலே கேட்டதைப் பிடித்து வளர்கிறது; எழுதுவோரின் கையோ கண்ணால் படித்ததை உண்டு வளர்கிறது!

ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதவே நம் வீட்டுப் பிள்ளை தடுமாறுகிறான் என்று வருந்தும் தோழர்க்கு நாம் கூறுவது இதுதான்: இலக்கண நூலோடு நின்றுவிடாதீர், கதை கொடுங்கள், நாளேடு கொடுங்கள். தமிழில் படிக்கும் பழக்கத்தை முதலில் ஊட்டுங்கள். உழைத்துக் களைத்த நமக்கு நேரமேது என்பீரோ?

சுத்தியலோசைக்கு நடுவே கான்ராட் கண்டெடுத்தாரே, அந்த நேரம் நமக்கும் உண்டு!