முதுமையிலும் தளராத தத்துவ போதகர்

நம் முன்னோரின் விசுவாசத்தை நன்றியோடு நினைக்கும் இந்த ஜூபிலி வேளையில், அந்த விசுவாசத்தைத் தமிழகத்தின் உள்நாட்டில் விதைத்த ஒரு குருவானவரை நினைவுகூர்வது பொருத்தமே. அவர்தாம் தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட சேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி. அவருடைய காவி உடையையும் தமிழ்ப் புலமையையும் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவருடைய முதுமையைப் பற்றிக் கேட்டிருப்பது குறைவு. வயது ஏறுகிறதே, நாளை என்ன ஆகுமோ என்று கலங்கும் நமக்கு அந்தக் கடைசி ஆண்டுகளே சிறந்த பாடம்.

நொபிலி அடிகளார் 1577-ம் ஆண்டு இத்தாலி நாட்டில் உயர்குடியில் பிறந்தார். 1605-ல் கோவா வந்து சேர்ந்து, 1606-ல் மதுரையில் காலடி வைத்தார். கிறிஸ்தவம் பறங்கியரின் மார்க்கம் என்று மதுரை மக்கள் ஒதுக்கிய காலம் அது. ஆகவே அவர் தம் அங்கியைக் களைந்து சந்நியாசியானார். புலால் நீக்கிச் சோறும் கீரையும் உண்டார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் பயின்றார்.

முதல் சோதனை அந்நியரிடமிருந்து வரவில்லை. சொந்தச் சகோதரரிடமிருந்தே வந்தது. அவர் வேதத்தைத் திரிக்கிறார் என்று உடன் குருக்கள் சிலர் குற்றம் சாட்டினர். ஞானஸ்நானம் கொடுக்கவும் ஒரு காலம் தடை விதிக்கப்பட்டது. 1619-ல் கோவாவில் கூடிய சபையிலும் எதிர்ப்பே மிகுந்தது. ரோமாபுரியின் தீர்ப்பு எப்படி வருமோ என்று தெரியாமலே பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தன. அடிகளார் அந்த ஆண்டுகளை ஏக்கத்தில் வீணாக்கவில்லை. தம் நிலையை விளக்கி மேலிடத்துக்கு எழுதினார். மற்ற நேரத்தில் ஏடுகளைக் கற்றார், தமிழில் நூல் செய்தார். கடைசியில் 1623 ஜனவரி 31-ம் தேதி பாப்பரசர் 15-ம் கிரகோரியார் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

அதே ஆண்டில், நாற்பத்தைந்து வயதைக் கடந்த நிலையில், அவர் வடக்கு நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார். திருச்சி, சேந்தமங்கலம், சேலம் என்று நீண்டது அந்தப் பயணம். சேலத்தில் தங்க இடம் கொடுப்பார் இன்றிச் சத்திரத்தில் கிடந்து நோயுற்றார். ஆயினும் திரும்பிப் போகவில்லை. அவர் தொடங்கிய மதுரை மிஷன் அந்த நூற்றாண்டிலேயே சத்தியமங்கலம் வரை எட்டியது. நம் கொங்கு நாட்டுத் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அறுபதைத் தாண்டி ஓய்வு தேடும் வயதில் அவருக்குக் கிடைத்தது சிறை. திருமலை நாயக்கர் ஆட்சியில் 1640-ல் மதுரையில் சிறை வைக்கப்பட்டு, 1641-ல்தான் விடுதலையானார். அதன்பின் கண்ணொளியும் மங்கலாயிற்று. ஓலைச்சுவடியே உலகமாக வாழ்ந்தவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு எது? ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்த மதுரையை விட்டு யாழ்ப்பாணம் செல்லுமாறு கட்டளை வந்தது. கீழ்ப்படிந்து சென்றார். அங்கே சில ஆண்டுகள் இருந்தபின் மயிலாப்பூர் வந்து, ஊருக்கு வெளியே ஒரு மண் குடிசையில் வாழ்ந்தார். உணவு அதே சோறும் கீரையுந்தான்.

அந்தக் குடிசையிலும் வேலை நிற்கவில்லை. கண் போனாலும் நினைவு இருந்தது, நாவு இருந்தது. அவர் சொல்லச் சொல்ல, உடனிருந்தவர்கள் எழுதினார்கள். பழைய நூல்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்தினார். இவ்வாறு உழைத்து, 1656 ஜனவரி 16-ம் தேதி, தம் எழுபத்தெட்டாம் வயதில் ஆண்டவரில் துயில்கொண்டார். ஞானோபதேசம், ஆத்தும நிருணயம் முதலிய அவர் நூல்கள் தமிழ் உரைநடைக்கே அணிகலன்கள்.

நம் திருப்பூருக்கும் இந்த வாழ்வுக்கும் என்ன தொடர்பு? பனியன் கம்பெனியில் முப்பது ஆண்டு தையல் மிஷினில் அமர்ந்தவருக்கு ஒருநாள் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாமல் போகிறது. நூல் விலை ஏறினால், ஆர்டர் குறைந்தால், அடுத்த வாரம் வேலை இருக்குமோ என்ற பயம் சனிக்கிழமைச் சம்பளத்தோடு சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. இனி நான் எதற்கும் உதவேன் என்று பெரியவர்கள் திண்ணையில் ஒதுங்குகிறார்கள். அடிகளார் போனதை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. மிச்சம் இருப்பதை எடுத்து அன்றைய வேலையைச் செய்தார். பேரப்பிள்ளைக்குச் செபம் சொல்லிக் கொடுக்கவும், நோயாளியின் அருகே அமர்ந்து செபமாலை சொல்லவும், தொழில் பழகும் இளைஞனுக்கு நுணுக்கம் காட்டவும் கூர்மையான கண் தேவையில்லை.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் குடிசையில் எழுதிக் கொடுக்கும் கைகள் இல்லாவிட்டால் அடிகளாரின் நினைவு அவரோடே புதைந்திருக்கும். நம் பங்கின் முதியோருக்கு நீங்களே கண்ணும் கையும். அவர்கள் அருகில் அமருங்கள், கேளுங்கள், எழுதி வையுங்கள்.

முதுமையையும் நாளையையும் இறைவன் கையில் ஒப்படைத்து, இன்றைய கடமையை இன்றே செய்யும் வரத்தை இந்த ஜூபிலி ஆண்டில் அவர் நம் அனைவருக்கும் அருள்வாராக!