ஆடற்கலைச்செல்வி பாலசரஸ்வதி

இன்று தம் பெண்பிள்ளைகள் காலிற் சதங்கை கட்டி ஆடுவதைப் பெற்றோர் பெருமையாகக் கருதுகின்றனர். அதே ஆடலைப் பயின்றதற்காக ஒரு சிறுமி ஏளனத்துக்கு ஆளான காலமும் இருந்தது. அச்சிறுமியே தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மையார்.

1918 இல் சென்னையிற் பிறந்த இவர் வீணை தனம்மாளின் பேத்தி. மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆடலைக் கண்டு மயங்கிய குழந்தை தானும் ஆடவேண்டுமென்று அடம்பிடித்தது. தேவதாசியர் ஆடல் இழிவாகப் பேசப்பட்ட நாள் அது, உறவினர் தயங்கினர். தாயார் ஜயம்மாளோ மகளின் பக்கமே நின்றார்.

குருவாக அமைந்தவர் தஞ்சை நால்வரின் வழிவந்த கந்தப்பபிள்ளை. கண்டிப்புக்குப் பேர்போனவர். ஏனைய பிள்ளைகள் தெருவில் விளையாடிய வேளையில் இவர் அடவு போட்டார். வீட்டிலே தாயாரிடம் பதங்களைப் பாடிப் பழகினார். பாடத் தெரியாதவருக்கு அபிநயம் முழுமையாக வாய்க்காது என்பது எமது துணிபு. 1925 இல், 7 வயதில், காஞ்சிபுரத்து அம்மன் கோயிலில் அரங்கேறினார்.

பின்வந்த ஆண்டுகள் கடினமானவை. 1941 இல் குரு மறைந்தார். நோய் வருத்தியது, மேடைகள் அருகின. 1947 இற் சென்னை மாகாணச் சட்டம் கோயில் ஆடலை முற்றாக நிறுத்தியது. வேறு தொழிலை நாடியிருக்கலாம், அம்மையார் நாடவில்லை. சங்கீத வித்வத் சபையின் ஆதரவிற் பிறருக்குக் கற்பித்தார். 1961 இல் தோக்கியோவிலும் 1963 இல் எடின்பரோவிலும் ஆடினார். 1973 இல் அச்சபையே அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் சூட்டியது.

1976 இல் சத்யஜித் ராய் எடுத்த படத்தில், கடற்கரைக் காற்றிற் சேலை படபடக்க, குழந்தைக் கண்ணனை அழைத்து அவர் ஆடுகிறார். 1984 இல் அவர் மறைந்தார், அப்படம் இருக்கிறது. எமது இளைஞர் ஒருமுறையேனும் அதனைக் காணல் வேண்டும்.