மதிய இடைவேளை வாத்தியார்

ராமன் விளைவுன்னா சி.வி.ராமன் ஞாபகம் வருவார். கே.எஸ்.கிருஷ்ணன்னு சொன்னா? நம்மில் பலர் முழிப்போம்.

1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர், 1985 வரை நம்ம இராமநாதபுரம் மாவட்டம்தான். படிப்பு முடிந்ததும் சென்னை கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. ஆனா மதிய இடைவேளையில் மாணவர்களோடு உட்கார்ந்து இயற்பியல் பேசுவார். எந்தச் சந்தேகமும் கேட்கலாம். பக்கத்துக் கல்லூரிப் பசங்களும் வருவாங்களாம்.

பிறகு கல்கத்தாவில் ராமனோடு ஆய்வு. 1928-ல் சூரிய ஒளியை வடிகட்டி, குறிப்பிட்ட நிறத்தை மட்டும் திரவத்துக்குள் விட்டார்கள். சிதறி வந்த ஒளியில், உள்ளே விடாத நிறமும் கொஞ்சம் இருந்தது! ஒளியின் ஆற்றலில் ஒரு பங்கை மூலக்கூறுகள் எடுத்துக்கொண்டதால் வந்த மாற்றம் அது. நேச்சர் இதழுக்கு இருவர் பெயரிலும் கட்டுரை போனது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது.

கிருஷ்ணன் அதோடு நின்றுவிடவில்லை. படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்தார். 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் அவரே. 1961-ல் மறைந்தார்.

அடுத்த தடவை லேப்ல, 'இதைப் போய் எப்படிக் கேட்கிறது?'ன்னு தோணினா, அந்த மதிய இடைவேளையை நினைச்சுக்கிட்டு கேட்டுடுங்க.