எல்லோரையும் விடுவித்த நீதிபதி

1948 நவம்பரில் டோக்கியோ சர்வதேச இராணுவத் தீர்ப்பாயம், தன் முன் நின்ற 25 ஜப்பானியத் தலைவர்களையும் குற்றவாளிகளாகக் கண்டது. 11 நீதிபதிகளில் ஒருவர் மாத்திரம் அத்தனை பேரையும் விடுவிக்க வேண்டும் என எழுதினார். அவர் ராதாபினோத் பால்.

ஜெனிவாத் தீர்மானங்கள் வரும்போதெல்லாம் 'வல்லரசுகளின் இரட்டை வேடம்' என்ற பேச்சு இங்கே கிளம்புவதைக் கேட்டுப் பழகியவள் நான். பெரும்பாலும் விசாரிக்கப்பட வேண்டியவர்களின் பக்கத்திலிருந்துதான் அந்தப் பேச்சு வரும். பாலின் கைகளில் எந்தக் கறையும் இல்லை. அவரைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் சங்கடத்துக்கு அதுதான் காரணம்.

1886இல் இன்றைய வங்கதேசத்தின் குஷ்தியாப் பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். கணிதம் படித்தார், மைமன்சிங்கில் கணிதம் கற்பித்தார், பிறகு சட்டத்துக்குத் தாவினார். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். சரணாகதிப் பத்திரத்தில் ஒப்பமிட்ட 9 நாடுகளுக்கே முதலில் தீர்ப்பாயத்தில் ஆசனம் ஒதுக்கப்பட்டது. இந்தியாவும் பிலிப்பைன்ஸும் பின்னர் சேர்க்கப்பட்டன. 1946 மே மாதம், விசாரணை தொடங்கிய பின்னரே பால் போய்ச் சேர்ந்தார்.

1,200 பக்கங்களைத் தாண்டும் அவரது தீர்ப்பின் முதல் வாதம் எளிமையானது. போர் தொடுத்த காலத்தில் அது தனிமனிதரைத் தண்டிக்கக்கூடிய குற்றமாகச் சட்டத்தில் இருக்கவில்லை. வென்றவர் பிறகு இயற்றிய சட்டத்தால் தோற்றவரைத் தூக்கிலிடுவது நீதியாகாது. நீதிபதிகளை அனுப்பிய பிரித்தானியா, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய நாடுகளே ஆசியாவைப் படைபலத்தால் பிடித்தவை. விசாரணை நடந்த அதே காலத்தில் டச்சுப் படைகள் இந்தோனேசியாவிலும் பிரெஞ்சுப் படைகள் வியட்நாமிலும் போரிட்டுக்கொண்டிருந்தன. ஹிரோஷிமா, நாகசாகி பற்றி அந்த மன்றில் எவர் மீதும் குற்றச்சாட்டு இல்லை. அணுகுண்டு வீசும் முடிவை நாசித் தலைவர்களின் கட்டளைகளோடு ஒப்பிட்டு எழுதும் துணிவு பாலுக்கு இருந்தது.

குற்றவாளிக் கூண்டில் வேறு இடைவெளிகளும் இருந்தன. பேரரசர் ஹிரோஹிட்டோ அங்கே நிறுத்தப்படவில்லை. உயிரோடு இருந்த மனிதர்கள் மீது கிருமிப் பரிசோதனை நடத்திய 731ஆம் பிரிவினரை, அவர்களின் ஆய்வுத் தரவுகளைப் பெற்றுக்கொண்டு அமெரிக்கா காப்பாற்றியது. வென்றவரின் நீதி என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இதுவரை நான் அவர் பக்கம்தான். நான்ஜிங் பகுதிக்கு வரும்போது அவரோடு முரண்படுகிறேன்.

1937இல் அந்த நகரில் நடந்த படுகொலைகளையும் பாலியல் வன்முறைகளையும் பால் மறுக்கவில்லை. சாட்சியங்களில் மிகைப்படுத்தல் இருக்கலாம் என்று ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், கொடுமைகள் நடந்தன என்பதற்கான ஆதாரம் மலைபோல் இருக்கிறது என்றே ஏற்றார். ஆனால் கூண்டில் நிற்பவர்கள் அதற்குக் கட்டளையிட்டார்கள் என்பதற்கோ, தெரிந்தே அனுமதித்தார்கள் என்பதற்கோ ஆதாரம் போதாது என்றார். தளபதி மட்சுயி இவானே தடுக்கத் தவறினார் என்று பெரும்பான்மை நீதிபதிகள் அவருக்கு மரணதண்டனை விதித்தார்கள். பால் அவரையும் விடுவித்தார்.

எந்தத் தளபதி கொலைக்கு எழுத்தில் கட்டளை கொடுக்கிறான்? பிணங்கள் இருக்கின்றன, படையணியின் பெயர் தெரியும், பொறுப்பாளி மாத்திரம் இல்லை. இந்த நிலை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. சட்டமும் பிறகு பால் காட்டிய திசையில் போகவில்லை. தெரிந்திருக்க வேண்டிய தளபதி தடுக்கத் தவறினாலும் அவர் பொறுப்பாளியே என்ற கோட்பாட்டை 1998இன் ரோம் சாசனம் எழுத்தில் வைத்தது. பால் வலியுறுத்திய மற்றதையும், அதாவது செயலுக்கு முன்பே சட்டம் இருக்க வேண்டும் என்பதையும், அதே சாசனம் ஏற்றுக்கொண்டது.

பிலிப்பைன்ஸ் நீதிபதி டெல்பின் ஹரனில்லாவின் கதை இதற்கு நேரெதிரானது. 1942இல் பட்டான் மரண நடையிலிருந்து உயிர்தப்பியவர் அவர். பாதிக்கப்பட்டவரே நீதிபதியாக அமரலாமா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகள் ஆட்சேபித்தார்கள். அது நியாயமான கேள்விதான். சில தண்டனைகள் போதாது என்று கருதிய அவர் அணுகுண்டையும் நியாயப்படுத்தினார். ஒருவர் எல்லோரையும் விடுவித்தார், மற்றவருக்குத் தண்டனை போதவில்லை. நான்ஜிங் பெண்கள் இந்த இருவருக்கும் நடுவில் எங்கோ நிற்கிறார்கள்.

பாலின் தீர்ப்பு திறந்த மன்றில் வாசிக்கப்படவில்லை. நேரு அரசும் அது நீதிபதியின் சொந்தக் கருத்து என்று ஒதுங்கிக்கொண்டது. அவரோ ஐ.நா.வின் சர்வதேச சட்ட ஆணைக்குழுவில் 1952 முதல் நீண்டகாலம் பணியாற்றினார், இருமுறை அதன் தலைவராகவும் இருந்தார். 1966இல் ஜப்பான் அவருக்கு உயர் விருது கொடுத்தது. மறு ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் காலமானார்.

அதன் பிறகு அவரது தீர்ப்பு வேறு கைகளுக்குப் போனது. குற்றம் நடந்தது என்று அவர் எழுதிய பக்கங்களை விட்டுவிட்டு, குற்றவாளிகள் இல்லை என்ற முடிவை மாத்திரம் ஜப்பானியத் தேசியவாதிகள் எடுத்துக்கொண்டார்கள். தூக்கிலிடப்பட்ட 7 பேரும் தெய்வங்களாகச் சேர்க்கப்பட்டிருக்கும் யசுகுனி ஆலயத்தில் 2005இல் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. 2007 ஓகஸ்டில் பிரதமர் ஷின்சோ அபே கொல்கத்தாவுக்கு வந்து பாலின் மகனைச் சந்தித்தார். அபேயின் தாய்வழிப் பாட்டனார் நொபுசுகே கிஷி, போர்க்கால அமைச்சர், சுகாமோ சிறையில் போர்க்குற்றச் சந்தேகநபராக அடைக்கப்பட்டிருந்தவர். 1948 டிசம்பர் 23இல் அந்த 7 பேரும் அதே சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். மறுநாள் கிஷி விசாரணையே இல்லாமல் வெளியே வந்தார். 1957இல் ஜப்பானின் பிரதமரானார்.