பண்டாரவன்னியன்

வன்னியிலே மறைந்தொழிந்த மனைகளுள் முல்லைத்தீவு அரசமனையும் ஒன்றாகும். பண்டாரவன்னியன் கைப்பற்றியபோது அது எங்ஙனம் இருந்ததென்பதற்கு ஒளிப்படமில்லை, இருத்தற்கும் இயலாது. ஒளிப்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டிலன்றோ?

ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்கூற்றிலே வன்னிமைகளை ஒடுக்கினர். 1796இல் அவர் இடத்தை ஆங்கிலர் பெற்றனர். இழந்ததை மீட்கக் கருதிய பண்டாரவன்னியன் கண்டியரோடு உறவு பூண்டான். 1803ஆம் ஆண்டு யூன் மாதத்திலே கண்டியிற் றங்கிய ஆங்கிலப்படை அழிவுற்றது. அஃது அவனுக்கு வாய்ப்பாயிற்று. ஓகஸ்டு 25ஆம் நாள் அவன் முல்லைத்தீவைத் தாக்க, காவற்படைத் தலைவனாகிய வொன் திரிபேர்க்கு படகேறி யாழ்ப்பாணஞ் சென்றான். வன்னியன் படை ஆனையிறவு வரை பரந்தது.

பின்பு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்னும் மூன்றிடத்தினின்றும் ஆங்கிலப்படைகள் வந்தன. ஒக்டோபர் 31ஆம் நாள் விடியற்பொழுதிலே, கற்சிலைமடுவில், திரிபேர்க்கு அவனை எதிர்பாராவகை தாக்கினான்.

அன்றே வன்னியன் மாண்டான் என வகுப்பறைகளிற் கூறுவாருளர். ஆசிரியர்காள், இஃது ஆராயத்தக்கது. ஆங்கிலர் ஏடுகள் அவன் தப்பினான் என்றே கூறும். பகைவனைக் கொன்றிருப்பின் அதனை மறைப்பாரோ அவர்? அவர் அவ்விடத்து நாட்டிய கல்லும் தோல்வியையன்றி மரணத்தைச் சொல்லிற்றில்லை.

மனைக்குப் படமில்லை, அக்கல்லுக்குண்டு. அதனை மாணாக்கருக்குக் காட்டுவோர் ஒன்று நோக்குக. அதிலே முன்னிற்கும் பெயர் திரிபேர்க்கினுடையது. வன்னியன் பெயர் அதன் பின்னரே வரும்.