அர்பத்நாட் திவாலும் இந்தியன் வங்கியும்: யார் இந்த வி.கிருஷ்ணசாமி ஐயர்?

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், ஃபைனான்ஸில் மெஷின் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் குறைந்துவிட்டது, மூணு மாசமா தவணை கட்டவில்லை. கடன் கொடுத்த நிறுவனம் அந்தப் பாக்கியை இன்னமும் முழுசா வந்துவிடும் பணம் மாதிரியே கணக்கில் காட்டலாமா? கூடாது என்கிறது இன்றைய விதி. வராத பணத்தைச் சொத்தாகக் காட்டினால் என்ன ஆகும் என்பதை 1906-லேயே சென்னை பார்த்துவிட்டது. அந்த இடிபாட்டிலிருந்து ஒரு வங்கியை எழுப்பியவர் வி.கிருஷ்ணசாமி ஐயர்.

யார் இவர்?

தஞ்சை மாவட்டம் திருவிடைமருதூரில் 1863-ல் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார். சீக்கிரமே மயிலாப்பூரின் பெரிய வக்கீல்களில் ஒருவரானார். மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரி இவர் தொடங்கியதுதான். காங்கிரஸில் மிதவாதி. ஆனாலும் தீவிரவாத அணியில் இருந்த பாரதியின் பாடல்களைச் சொந்தச் செலவில் அச்சடித்து இலவசமாக வழங்கினார்.

1906-ல் என்ன நடந்தது?

அர்பத்நாட் அண்ட் கோ, சென்னையின் பெரிய வெள்ளைக்கார நிறுவனங்களில் ஒன்று. ஓய்வு பெற்றவர்கள், விதவைகள், சிறு சேமிப்பாளர்கள் எல்லாம் பெயரை நம்பிப் பணம் போட்டார்கள். பங்குதாரர்களே நடத்திய நிறுவனம் என்பதால் உள்ளே கணக்கு எப்படி இருக்கிறது என்று டெபாசிட் போட்டவருக்குத் தெரியாது. லண்டன் பங்குதாரர் மெக்ஃபேடியன் சூதாட்டம் போன்ற முதலீடுகளில் பணத்தை இழந்தார். நஷ்டம் மறைந்தே இருந்தது. புது டெபாசிட் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

அக்டோபரில் மெக்ஃபேடியன் லண்டனில் தற்கொலை செய்துகொண்டார். அக்டோபர் 22, திங்கட்கிழமை, சென்னையில் நிறுவனம் கதவை மூடியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு முடங்கியது. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பின்னர் 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது.

ஐயர் என்ன செய்தார்?

பணம் இழந்தவர்கள் பக்கம் நின்று திவால் வழக்கில் வாதாடினார். ஆனால் வழக்கில் ஜெயித்தாலும் போன பணம் முழுசா வராது என்பது அவருக்குத் தெரியும். இந்தியர்களே நடத்தும் வங்கி வேண்டும் என்று ஊர்ப் பிரமுகர்களையும் நாட்டுக்கோட்டை செட்டியார்களையும் ஒன்றுசேர்த்தார். 1907 மார்ச் 5-ல் பதிவான இந்தியன் வங்கி, ஆகஸ்ட் 15-ல் திறந்தது.

1909-ல் உயர் நீதிமன்ற நீதிபதி, 1911-ல் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர் என்று உயர்ந்த ஐயர், அதே ஆண்டு டிசம்பரில் காலமானார். வயது 48தான்.

இன்றைய விதி என்ன சொல்கிறது?

பெரிய ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு 2018 ஏப்ரல் முதல் இந்தியக் கணக்கியல் தரநிலை 109 பொருந்துகிறது. கடன் கொடுத்த நாளிலேயே, அடுத்த 12 மாதத்துக்குள் கடன் தவறினால் எவ்வளவு வராமல் போகலாம் என்று கணக்கிட்டு அந்தத் தொகையை ஒதுக்கணும். தவணை 30 நாள் தாண்டினால், பொதுவாகக் கடனின் முழுக் காலத்துக்கும் இழப்பைக் கணக்கிடணும். 90 நாள் தாண்டினால் பழுதான கடன்.

பாக்கி 10 லட்சம், மெஷினை விற்றால் 6 லட்சம்தான் வரும் என்றால், மீதி 4 லட்சத்தை இப்போதே நஷ்டமாக எழுதணும். அதனால் பட்டறைக்காரரின் கடன் தள்ளுபடி ஆகிவிடாது. அவர் கட்டத்தான் வேண்டும். அந்த நிறுவனத்தை நம்பிப் பணம் போட்டவருக்கு உண்மை நிலவரம் தெரியும், அவ்வளவுதான்.

1906-ல் சென்னை டெபாசிட்தாரருக்குக் கிடைக்காதது அந்த உண்மைதான். அர்பத்நாட் நிறுவனம் இருந்த இடத்தில், இன்றைய ராஜாஜி சாலையில், பின்னாளில் எழுந்தது இந்தியன் வங்கியின் கட்டடம்.