அஞ்சா நெஞ்சினர் அப்பர் பெருமான்

மாந்தர் வாழ்வில் அச்சம் விளைப்பன பல. அவற்றுள் அரசின் சினம் மிகப் பெரிது. படையும் செல்வமும் துணையாக இல்லாத ஒருவர், இறைவன் திருவடி ஒன்றையே துணையாகக் கொண்டு அச்சினத்தின் முன் நின்ற வரலாற்றை, எமது கல்லூரி விழாக்காணும் இவ்வேளையில் நினைவுகூர விழைகின்றோம். அவரே 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசு நாயனார்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாளர் குலத்திலே, புகழனார்க்கும் மாதினியார்க்கும் புதல்வராய்த் தோன்றிய அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். பெற்றோர் இருவரும் மறைந்தனர். தமக்கையார் திலகவதியார்க்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் துறந்தார். உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். நாயனாரின் உறுதிக்கு வித்து இங்கேயே இடப்பட்டது என்பது எம் கருத்து.

மருணீக்கியார் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்று விளங்கினார். பின்னர்ச் சூலைநோய் பற்றி வருத்தவே, இரவோடிரவாகத் திருவதிகை சென்று தமக்கையார் அடி பணிந்தார். அவர் அளித்த திருநீற்றை அணிந்து, வீரட்டானத்து இறைவனைப் பாடி நோய் நீங்கினார். நாவுக்கரசு என்னும் பெயரும் பெற்றார்.

இச்செய்தி பல்லவ மன்னன் செவிக்கு எட்டியது. அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர் வரலாற்றறிஞர். அழைத்துவர வந்த அமைச்சரிடம், அரசன் ஆணை தம்மைக் கட்டாது என நாயனார் மறுத்தார். அவர்கள் பணிந்து வேண்டவே உடன் சென்றார். முதலில் அவரை நீற்றறையில் இட்டு ஏழு நாள் அடைத்தனர். நாயனாரோ திருவடி நீழலை நினைந்து குளிர்ந்திருந்தார். அடுத்து நஞ்சு கலந்த பாலடிசிலை ஊட்டினர். பின் மதயானையை ஏவினர். யானை அவரை வலம்வந்து வணங்கிற்று. இறுதியில் கல்லோடு பிணித்துக் கடலிலே தள்ளினர். அக்கல்லே தெப்பமாக, திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் ஏறினார். மன்னனும் மனந்திரும்பிச் சைவனானான்.

இவற்றை விரித்துரைப்பது 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் இயற்றிய பெரிய புராணம். எனினும், கல்லொடு பூட்டி நீரில் தள்ளப்பட்டதை நாயனார் தாமே தம் திருநீலக்குடிப் பதிகத்தில் குறிப்பிடுகின்றார். ஈண்டு யாம் பேசுவது சமயப் பகையன்று; சமணர் தமிழுக்கு ஆற்றிய தொண்டு அளப்பரிது. யாம் போற்றுவது ஒருவரது உள்ளத்துறுதியையே.

அவ்வுறுதியின் இயல்பை மாணாக்கர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நீற்றறைக் கதவு அடைபட்டபோது, அது மீண்டும் திறக்கும் என்னும் உறுதிமொழியை எவரும் அவர்க்கு அளிக்கவில்லை. உய்வோம் என எண்ணி அவர் நம்பினாரல்லர். உய்யினும் மாயினும் தாம் இறைவனுக்கு உரியர் எனத் தெளிந்தார். பயன் கருதிய நம்பிக்கை, பயன் தாழ்த்தவுடன் தளரும். ஆட்பட்ட நெஞ்சமோ தளர்வதற்கு இடமில்லை.

அச்சத்தை வென்ற அப்பெரியார் ஆசையையும் வென்றார். உழவாரம் ஏந்திக் கோயில் முன்றில்களிற் புல் செதுக்குதலே அவர் கைத்தொண்டு. திருப்புகலூரில் பொன்னும் மணியும் உழவாரம் நுழைந்தவிடமெல்லாம் மின்னியபோது, பருக்கைக் கற்களோடு ஒன்றாக வாரிக் குளத்தில் எறிந்தார் என்பது புராணம். அச்சுறுத்தலுக்கு அசையாத ஒருவர், பொன்னுக்கு அசைந்தால் அவர் உறுதி முழுமை பெறுமோ? அத்தலத்திலேயே சித்திரைச் சதயத்தில் இறைவனடி சேர்ந்தார். அவர் பாடல்கள் 4ஆம், 5ஆம், 6ஆம் திருமுறைகளாய் இன்றும் ஓதப்படுகின்றன.

எம்முட் பலர்க்கு நீற்றறையும் யானையும் நேரா. ஆயினும் உண்மை பேசினால் பதவி போகும் என்னும் அச்சம், நேர்மை தவறினால் பொருள் சேரும் என்னும் ஆசை ஆகியன நாள்தோறும் வாயிலில் நிற்கும். அவ்வேளையில் நாயனார் வாழ்வு பழைய மாணவர்க்கும் இளம் மாணாக்கர்க்கும் ஊன்றுகோலாகுக. திருவருள் துணை நிற்க, எமது கல்லூரி நீடு வாழ்க!